கழற்ற முடியாத பாட்டரி

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் நெடுந்தூர ரயில் வண்டிகளைக் கழுவித் துடைத்து, பழுது பார்த்து அனுப்புகிற பெரிய பணிமனை பேசின் பிரிட்ஜில் இருக்கிறது. அங்கே இரவு பகலாக நடக்கும் வேலைகளில் ஒன்றை நமது வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறோம். ரயில் பெட்டியின் அடியில் இரும்புக் கூடு ஒன்று தொங்குகிறது. அதற்குக் கதவு உண்டு. அதைத் திறந்தால் உள்ளே பாட்டரிகள் வரிசையாக இருக்கும். தொழிலாளி அவற்றைப் பரிசோதிக்கிறார், சக்தி குன்றிய பாட்டரியை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறார், கதவை மூடுகிறார். அன்றிரவு அந்தப் பெட்டி டில்லிக்கோ ஹௌராவுக்கோ விளக்கெரியப் போகிறது. பாட்டரி தேய்ந்துவிட்டது என்பதற்காக ரயில் பெட்டியையே உடைத்துப் போடும்படி எந்த ரயில்வே அதிகாரியும் இதுவரை உத்தரவிட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. அப்படி ஒருவர் உத்தரவிட்டால் அவருடைய புத்தி சுவாதீனத்தைப் பற்றியே ஜனங்கள் சந்தேகிப்பார்கள்.

ஆனால் அதே தொழிலாளியின் சட்டைப் பையில் இருக்கும் ஸ்மார்ட்போனின் கதி வேறு. அதிலும் பாட்டரி உண்டு, அதுவும் தேயும். அதற்கோ கதவு கிடையாது. மூடி பசையினால் ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே பாட்டரியும் பசையினால் ஒட்டப்பட்டிருக்கிறது. ரயில் வண்டியின் பாட்டரியை மாற்றத் தெரிந்த கைக்குத் தன் பையிலிருக்கும் சாமானின் பாட்டரியை மாற்ற வழியில்லை. அது தெரியாமையினால் வந்த குறையன்று. வழி வேண்டுமென்றே அடைக்கப்பட்டிருக்கிறது. இது நியாயமா என்பதே இன்று நாம் எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம்.

இது சிறு விஷயம் என்று சிலர் நினைக்கலாம். வடசென்னையில் யாரும் அப்படி நினைக்கமாட்டார்கள். ராயபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவருக்குச் சவாரி செல்போன் மூலமாக வருகிறது. தண்டையார்பேட்டையிலிருந்து மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டு போகிற இளைஞனுக்கு வேலை, வழி, கூலிக் கணக்கு மூன்றும் அந்தக் கண்ணாடிப் பலகைக்குள்ளேயே இருக்கின்றன. காசிமேட்டில் மீன் விற்கும் பெண்மணி பணத்தை அதன் வழியாக வாங்குகிறார். கடலுக்குப் போகிறவர் காற்று, மழை எச்சரிக்கையை அதில்தான் பார்க்கிறார். சமையல் எரிவாயு சிலிண்டர் வீட்டுக்கு வந்தால்கூட செல்போனுக்கு வரும் எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டரி நடுப்பகலில் ஓய்ந்துவிட்டால் மாலைச் சவாரி போயிற்று. மாலைச் சவாரி போனால் இரவுச் சோற்றுக்குக் குறைவு. கொல்லனுக்குச் சம்மட்டி எப்படியோ அப்படி இவர்களுக்கு இந்தக் கருவி. சம்மட்டியின் பிடி முறிந்தால் வேறு பிடி போட்டுக்கொள்ளக் கூடாது, சம்மட்டியையே புதிதாக வாங்கு என்று சொல்லும் வியாபாரியைக் கொல்லன் என்ன செய்வான்?

பாட்டரி ஏன் தேய்கிறது என்பதையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். இன்று செல்போன்களில் இருப்பது லித்தியம் அயனி பாட்டரி. 1991-ல் ஸோனி கம்பெனி இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதைச் சாத்தியமாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. மின்சாரம் ஏற்றும்போதும் இறக்கும்போதும் லித்தியத்தின் நுண்துகள்கள் இரு முனைகளுக்கிடையே போய் வருகின்றன. ஒவ்வொரு போக்குவரத்திலும் கரி முனையின் மீது மெல்லிய படலம் ஒன்று தடிக்கிறது. லித்தியத்தில் ஒரு சிறு பகுதி அதில் அகப்பட்டு வீணாகிறது. ஐந்நூறு முதல் ஆயிரம் முறை முழுதாக ஏற்றி இறக்கினால், ஆரம்பத்தில் இருந்த கொள்ளளவில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கே மிஞ்சும். நாளுக்கு ஒரு முறை ஏற்றுகிறவருக்கு அது இரண்டு மூன்று வருஷக் கணக்கு. வெப்பம் அதிகமானால் தேய்மானம் இன்னும் விரைவு. சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் கட்டிய செல்போன், வழிகாட்டிக் கொண்டும் மின்சாரம் ஏற்றிக் கொண்டும் பகல் முழுவதும் காய்கிறது. பங்களா வாசியின் பாட்டரி மூன்று வருஷம் தாங்கினால் இவனுடையது அதில் பாதி தாங்கினால் அதிசயம். அதிகமாக உழைக்கிறவனின் பாட்டரியே முதலில் சாகிறது.

செல்போனில் மற்ற உறுப்புகள் அப்படித் தேய்வதில்லை. திரை உடையாமல் பார்த்துக் கொண்டால் ஏழெட்டு வருஷம் இருக்கும். உள்ளே இருக்கும் சில்லுகளும் அவ்வாறே. நிச்சயமாகத் தேயும் என்று செய்தவனுக்கே முன்கூட்டித் தெரிந்த உறுப்பு பாட்டரி ஒன்றுதான். தேயும் என்று தெரிந்த உறுப்பை எளிதில் மாற்றும்படி அமைப்பது யந்திரத் தொழிலின் பால பாடம். மோட்டார் வண்டியின் டயரை யாராவது சக்கரத்தோடு வார்த்து விற்கிறார்களா?

இந்த ஏற்பாடு ஆதிமுதல் இருந்ததுமன்று. பதினைந்து இருபது வருஷங்களுக்கு முன் நம் கையில் இருந்த செல்போன்களை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை, 2014 நவம்பரில் மூடப்படும் வரையில், கோடிக்கணக்கான செல்போன்களைச் செய்து அனுப்பியது. நகத்தால் நெம்பினால் அவற்றின் முதுகு கழன்று வரும். பாட்டரியை எடுத்து மாற்றலாம். பாட்டியம்மாள்கூடச் செய்தாள். 2007-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் மூடிய முதுகோடு வந்தது. பிறகு ஒவ்வொரு கம்பெனியாக அந்த வழியில் போயிற்று. ஸாம்ஸங் கம்பெனியின் கேலக்ஸி எஸ்5, 2014-ல் கழற்றும் முதுகோடு வந்தது. மறு வருஷம் வந்த எஸ்6-ன் முதுகு மூடிவிட்டது. எந்தப் பிரஜையும் எங்கள் பாட்டரியைப் பசை போட்டு ஒட்டுங்கள் என்று மகஜர் அனுப்பியதாகத் தகவல் இல்லை.

வடசென்னைக்குப் பாட்டரி புதிதும் அல்ல. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எவரெடி கம்பெனியின் உலர் பாட்டரித் தொழிற்சாலை பல்லாண்டு காலம் இயங்கியது. இன்று அது இல்லை. கைவிளக்கு, டிரான்ஸிஸ்டர் ரேடியோ, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றுக்கும் பெட்டிக் கடையில் பாட்டரி வாங்கி அவரவர் போட்டுக்கொண்டார்கள். பாட்டரி ஒரு கம்பெனி, கைவிளக்கு வேறொரு கம்பெனி. அளவு ஒன்றாக இருந்தபடியால் எது எதற்கும் பொருந்தியது. விலையில் போட்டி இருந்தது. ஜனங்களுக்குச் சௌகரியம் இருந்தது. விஞ்ஞானம் வளர்ந்த பிறகு சௌகரியம் குறைந்தது என்றால், அந்தக் குறை விஞ்ஞானத்தில் இல்லை, வியாபாரத்தில் இருக்கிறது.

கம்பெனிகள் கூறும் சமாதானங்களையும் நாம் நேர்மையாக எடுத்துச் சீர்தூக்க வேண்டும். அவை மூன்று. மூடிய முதுகினால் தண்ணீரும் தூசியும் புகாது என்பது முதலாவது. கனம் குறைந்து மெல்லியதாக இருக்கும் என்பது இரண்டாவது. தெரியாதவர்கள் திறந்தாலும் போலிப் பாட்டரி போட்டாலும் தீப்பிடிக்கும், ஆகையால் மூடி வைப்பது ஜனங்களின் பத்திரத்திற்கே என்பது மூன்றாவது.

முதல் சமாதானத்தில் பாதி உண்மை இருக்கிறது. பசை தண்ணீரைத் தடுக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் பசை ஒன்றுதான் தடுக்கும் என்பது வாஸ்தவமல்ல. மேலே சொன்ன கேலக்ஸி எஸ்5, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரச் சான்று பெற்றது. அதன் முதுகைக் கையால் கழற்றலாம். ரப்பர் விளிம்பு ஒன்று அந்த வேலையைச் செய்தது. தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் போடும் தொழிலாளிக்கு இந்தத் தத்துவம் தெரியும்.

இரண்டாவது சமாதானத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவு உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வாங்கிய மறு நிமிஷமே அந்த மெல்லிய சாமானுக்குத் தடித்த ரப்பர் உறை ஒன்றை வாங்கிப் போடுகிறார்களே, அந்தக் காட்சியைக் கம்பெனிக்காரர்கள் கண்டதில்லையா? உறைக்கு இடம் கொடுக்கிற சட்டைப் பை மூடிக்கு இடம் கொடாதா?

மூன்றாவது சமாதானம் உயிர் சம்பந்தப்பட்டது. அதைக் கேலியாகப் பேசித் தள்ளுவதற்கில்லை. லித்தியம் பாட்டரி தவறாகச் செய்யப்பட்டாலும் துளைக்கப்பட்டாலும் தீப்பிடிக்கும். ஆகவே அனுபவம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 2007 ஆகஸ்டில் நோக்கியா கம்பெனி, ஜப்பானிய மட்ஸுஷிடா கம்பெனி செய்து கொடுத்த சுமார் 4 கோடியே 60 லட்சம் பாட்டரிகள் அதிகமாகச் சூடேறக் கூடும் என்று எச்சரித்தது. ஜனங்கள் முதுகைத் திறந்து பாட்டரியின் மேலிருந்த எண்ணைப் பார்த்தார்கள். கெட்ட வரிசையைச் சேர்ந்ததானால் பாட்டரியை மட்டும் மாற்றிக் கொண்டார்கள். செல்போன் அவர்களிடமே இருந்தது. 2016-ல் ஸாம்ஸங் கம்பெனியின் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது. அதன் பாட்டரி மூடி வைக்கப்பட்டது. கம்பெனி சுமார் 25 லட்சம் செல்போன்களை முழுசாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்தவையும் எரிந்தன. விமானங்களில் ஏற்றக் கூடாது என்று தடை வந்தது. கடைசியில் அக்டோபரில் அந்த மாதிரியே கைவிடப்பட்டது. பாட்டரிகளில் இருந்த கோளாறே காரணம் என்று மறு வருஷம் கம்பெனியே அறிவித்தது. இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை தெரிகிறது. மூடி வைத்ததனால் தீ நிற்கவில்லை. மூடி வைத்ததனால் தீயை அணைக்கும் செலவே பெருகிற்று.

போலிப் பாட்டரியைப் பற்றிய பயமும் நியாயமானதே. ஆனால் போலி எங்கே செழிக்கிறது? அசல் கிடைக்காத இடத்தில் செழிக்கிறது. லித்தியம் பாட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயமாக இருக்கிறது. பதிவு பெற்ற அசல் பாட்டரி நியாயமான விலைக்குப் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் கிடைக்குமானால் போலியை யார் வாங்குவார்கள்? இன்றுள்ள நிலைமையில் சிறு கடைக்காரர் என்ன செய்கிறார்? சூட்டுக் காற்றினால் முதுகுப் பசையை இளக்குகிறார். மெல்லிய தகட்டை உள்ளே செலுத்தி, ஒட்டிக் கிடக்கும் பாட்டரியை நெம்புகிறார். தகடு சற்றுத் தவறினால் பாட்டரி துளைபட்டுத் தீப்பிடிக்கும். பத்திரத்தின் பெயரால் செய்யப்பட்ட ஏற்பாடு, சிறு தொழிலாளியின் கையையும் கண்ணையும் ஆபத்தில் வைக்கிறது. இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் வெளியே வரும் பாட்டரியை மாற்றுவதில் அந்த அபாயம் ஏது?

அப்படியானால் கம்பெனிகளின் பிடிவாதத்துக்கு உண்மைக் காரணம் என்ன? யாருடைய உள்ளத்தையும் நாம் திறந்து பார்க்கவில்லை. ஆனால் நடந்ததைக் கூறலாம். பழைய பாட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்து வந்ததாக 2017 டிஸம்பரில் ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. சாமான் திடீரென அணைந்து போகாமலிருக்கவே அப்படிச் செய்ததாகச் சமாதானம் கூறிற்று. வாங்கினவர்களுக்கோ அது சொல்லப்படவில்லை. பாட்டரி ஒன்றை மாற்றினால் தீர்ந்திருக்கக் கூடிய மந்தத்தை, சாமானே கிழடாகிவிட்டது என்று எண்ணி எத்தனையோ பேர் புதிது வாங்கியிருப்பார்கள். கண்டனம் எழுந்ததும் கம்பெனி பாட்டரி மாற்றும் கூலியை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகவும், இந்தியாவில் சுமார் 6,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகவும் ஒரு வருஷத்துக்குக் குறைத்தது. 2020-ல் பிரான்ஸ் தேசத்து அதிகாரிகள் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். ஒரே வேலையை மூன்றில் ஒரு பங்கு விலைக்குச் செய்ய முடியுமென்றால், முன்பு வாங்கிய விலையின் பெயர் என்ன? கதவு ஒருவனுடைய வசத்தில் மட்டும் இருக்கும்போது சுங்கமும் அவன் இஷ்டப்படிதான் இருக்கும்.

இந்த விலையைக் கொடுக்கச் சக்தி உள்ளவர்களைப் பற்றி நாம் அதிகம் கவலைப்படவில்லை. எட்டாயிரம் பத்தாயிரம் ரூபாய்க்குத் தவணையில் செல்போன் வாங்கிய தொழிலாளியைப் பற்றியே கவலைப்படுகிறோம். கம்பெனியின் பழுது நிலையம் அவன் பேட்டையில் இல்லை. போனால் ஒரு நாள் கூலி நஷ்டம். சாமானை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னால் இரண்டு நாள் பட்டினி. பழைய மாதிரி, பாட்டரி இருப்பில்லை என்று சொல்லிவிட்டாலோ புதுத் தவணைதான் கதி. பழைய தவணை தீர்வதற்கு முன்பே பாட்டரி தீர்ந்துபோவதும் உண்டு. இப்படித் தேயும் ஒரு சிறு பொட்டலத்தின் மூலமாக ஏழைகளின் கூலி வருஷந்தோறும் வடிந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு நஷ்டம் ஊருக்குப் பொதுவானது. தூக்கிப் போடும் சாமான் எங்கே போகிறது? பேசின் பிரிட்ஜ் வாசிகளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. கொடுங்கையூர்க் குப்பை மேடு அவர்களுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. அதில் தீப்பிடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று அவர்களுடைய மூக்குக்குத் தெரியும். குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பாட்டரி தானே தீ மூட்டக் கூடியது. 2022 ஆகஸ்டில் வந்த பாட்டரிக் கழிவு விதிகள், பாட்டரியைக் குப்பை மேட்டில் புதைப்பதையும் எரிப்பதையும் தடுக்கின்றன. செய்து விற்றவனே திரும்பச் சேகரிக்க வேண்டுமென்றும் கட்டளையிடுகின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் சாமானை விட்டுப் பாட்டரி கழன்று வராவிட்டால் அதைத் தனியே சேகரிப்பது எப்படி? குப்பை பொறுக்கிப் பிழைக்கும் பிள்ளைகள் கல்லால் உடைத்து எடுக்கிறார்களே, அதையா சேகரிப்பு என்பது? கழிவு விதி ஒரு கையால் கொடுப்பதைப் பசை மற்றொரு கையால் பறிக்கிறது. லித்தியமும் கோபால்டும் நமக்கு அந்நிய தேசங்களிலிருந்து வருகின்றன. பாட்டரியின் உள்ளறைகளும் பெரும்பாலும் சீனாவிலிருந்து கப்பலேறி வருகின்றன. பணம் கொடுத்துத் தருவித்த உலோகத்தை மண்ணில் போட்டு, மண்ணையும் கெடுத்துக்கொண்டு, மறுபடியும் பணம் கொடுத்துத் தருவிப்பது எந்தப் பொருளாதார சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது?

பிற தேசங்கள் விழித்துக்கொண்டன. ஐரோப்பிய யூனியன் 2023-ல் இயற்றிய பாட்டரிச் சட்டம், சிறு சாதனங்களில் உள்ள பாட்டரியை உபயோகிப்பவரே எந்த நேரமும் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று கூறுகிறது. அதற்கு 2027 பிப்ரவரி 18 என்று நாளும் குறித்திருக்கிறது. கம்பெனிக்கு மட்டுமே சொந்தமான ஆயுதம், சூடு, ரசாயனத் திரவம் ஆகியவை இல்லாமல் கழற்ற வேண்டும் என்பது அதன் சாரம். ஸ்மார்ட்போன்களுக்கென்றே வேறு விதியும் அங்கே 2025 ஜூன் 20 முதல் அமலில் இருக்கிறது. அந்த மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் உதிரி உறுப்புகள் கிடைக்க வேண்டும். எண்ணூறு முறை ஏற்றி இறக்கிய பிறகும் பாட்டரியில் நூற்றுக்கு எண்பது பங்கு கொள்ளளவு இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணம் 2024-ல் செய்த சட்டம், அசல் உறுப்பைப் போட்டாலும் கம்பெனியின் மென்பொருள் அதை ஏற்க மறுக்கும் தந்திரத்துக்குத் தடை போட்டது.

ஐரோப்பிய விதியில் ஒரு சந்து இருப்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயிரம் முறைக்குப் பிறகும் எண்பது பங்கு நிற்கும் பாட்டரியும், தண்ணீரும் தூசியும் புகாத உடலும் இருந்தால், பாட்டரியை மாற்றும் வேலையைத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடலாம் என்று அது விலக்குக் கொடுக்கிறது. விலையுயர்ந்த மாதிரிகள் பலவும் இந்தச் சந்தில் நுழைந்துவிடக் கூடும். குளிர்ந்த தேசத்துக்கு அது பொருந்தலாம், நமக்குப் பொருந்தாது. ஆய்வுக்கூடத்தின் மிதமான வெப்பத்தில் ஆயிரம் முறை தாங்குவது எண்ணூர் நெடுஞ்சாலையின் மே மாதத்து வெயிலில் எத்தனை முறை தாங்கும்? நமது தேசத்துக்கு வேண்டிய சட்டம் நமது தேசத்து வெயிலைப் பார்த்து எழுதப்பட வேண்டும்.

நமது சர்க்கார் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் எழுந்து நடக்கவும் இல்லை. 2022 ஜூலையில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா பழுது பார்க்கும் உரிமையை ஆராயக் கமிட்டி அமைத்தது. அதே வருஷம் டிஸம்பர் 24-ல், கம்பெனிகள் தாமாக விவரம் தருவதற்கு இணையத்தில் ஒரு தளம் திறக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் மற்றொரு கமிட்டி, செல்போன்களுக்குப் பழுது பார்க்கும் எளிமையைக் காட்டும் மதிப்பெண் போட வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. மதிப்பிட வேண்டிய முக்கிய உறுப்புகளில் பாட்டரியும் ஒன்று. பிரான்ஸில் 2021 முதலே இத்தகைய மதிப்பெண் இருக்கிறது. நாம் இதை வரவேற்கிறோம். ஆயினும் மதிப்பெண் என்பது வாங்குகிறவனுக்குத் தகவல். அது அவனுக்கு உரிமை ஆகாது. கடையிலுள்ள பத்து மாதிரிகளும் ஒட்டிய முதுகோடு இருந்தால், பத்தில் மூன்று மதிப்பெண் வாங்கியதை விட்டு நான்கு வாங்கியதைத் தேர்ந்தெடுப்பதனால் தொழிலாளிக்கு என்ன லாபம்?

கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2014 ஆகஸ்டில், உதிரி உறுப்புகளை வெளிச் சந்தையில் விற்க மறுத்துத் தங்கள் வசமே வைத்துக்கொண்ட பதினான்கு மோட்டார்க் கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன் மேல் அப்பீல்கள் நடந்தன என்பது வேறு விஷயம். சாமானை விற்ற பிறகும் அதன் சாவியை விற்றவன் தன் இடுப்பிலேயே சொருகிக் கொள்ளக் கூடாது என்ற நியாயம் நமது தேசத்திலேயே அன்று உரக்கக் கூறப்பட்டது. மோட்டார் வண்டிக்குப் பொருந்தும் நியாயம் செல்போனுக்குப் பொருந்தாமற் போகுமா?

சந்தை பார்த்துக்கொள்ளட்டும், சர்க்கார் ஏன் தலையிட வேண்டும் என்பாரும் உண்டு. வாங்குகிறவனுக்கு உண்மையில் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் அந்த வாதத்தை நாமும் ஏற்போம். ஆனால் விற்பனையாகும் ஸ்மார்ட்போன்களில் ஏறக்குறைய எல்லாமே ஒரே விதமாக மூடிக்கிடக்கும்போது, சந்தையில் எதைப் பார்த்து எதை ஒதுக்குவது? சட்டம் வந்தால் தொழில் ஓடிப்போகும் என்ற பயமுறுத்தலும் வீண். 2024-25-ல் நாட்டின் மின்னணுச் சாமான் ஏற்றுமதியில் தமிழ்நாடே முதலிடம் வகித்தது. ஸ்ரீபெரும்புதூரிலும் அதைச் சுற்றியும் நமது பெண்கள் கூட்டிப் பொருத்தும் செல்போன்கள் பல தேசங்களுக்கும் போகின்றன. ஐரோப்பாவுக்கு விற்க வேண்டுமானால் ஐரோப்பியச் சட்டப்படி செய்தே தீர வேண்டும். அவர்களுக்குச் செய்து கொடுக்கத் தெரிந்த கைகளுக்கு நமக்குச் செய்யத் தெரியாதா? நம்மவர் கையால் செய்த சாமான், பிறருக்குத் திறக்கும் கதவோடும் நமக்கு ஒட்டிய கதவோடும் இருக்குமானால் அதைவிட அவமானம் வேறில்லை.

ஆகவே நமது கோரிக்கைகளைத் தெளிவாகக் கூறுகிறோம். இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு ஸ்மார்ட்போனிலும் சாதாரணத் திருப்புளி கொண்டு, சூடும் ரசாயனமும் இல்லாமல், பாட்டரியை மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். நகத்தால் திறக்கும் மூடிதான் வேண்டுமென்று நாம் பிடிவாதம் செய்யவில்லை. திருகாணி இருந்தால் போதும், பசை கூடாது. ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் அதன் அசல் பாட்டரி வெளிக் கடைகளில் கிடைக்க வேண்டும்; அதன் விலையைச் செல்போன் விற்கும்போதே பெட்டியின் மேல் அச்சிட வேண்டும். அசல் பாட்டரியை மென்பொருளால் நிராகரிப்பது குற்றமாக்கப்பட வேண்டும். கம்பெனிகள் மாறிக்கொள்ள இரண்டு வருஷத் தவணை கொடுக்கலாம். அதற்கு மேல் கொடுக்கக் காரணமில்லை.

ராஜ்ய சர்க்காருக்கும் நகரசபைக்கும் உள்ள கடமைகளை அவர்கள் டில்லியைப் பார்த்துக்கொண்டு தள்ளிப்போட வேண்டியதில்லை. தேய்ந்த பாட்டரிகளை வாங்கிக்கொள்ளும் இரும்புப் பெட்டிகளை ரேஷன் கடைகளிலும் ரயில் ஸ்டேஷன்களிலும் வைக்கலாம். தெருமுனையில் பழுது பார்க்கும் இளைஞர்களுக்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மாலை வகுப்பு நடத்திச் சான்றிதழ் தரலாம். இந்த நாட்டில் சைக்கிள் முதல் தையல் யந்திரம் வரை எதையும் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைத்தொழிலாளர் பரம்பரை ஒன்று இருக்கிறது. அவர்களைக் கள்ளத்தனமாகக் கதவு உடைப்பவர்களைப் போல நடத்துவதை நிறுத்தி, தேசத்தின் செல்வத்தைக் காப்பவர்களாக மதிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை செல்போன் வாங்கக் கடைக்குப் போகும்போது எத்தனை காமிரா என்று கேட்பதற்கு முன், “பாட்டரி தேய்ந்தால் யார் மாற்றுவது, என்ன விலை, எத்தனை வருஷம் கிடைக்கும்?” என்று கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் அவர் கம்பெனிக்கு எழுதுவார். உங்கள் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரிடமும் பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் அதையே கேளுங்கள். கேட்பாரற்ற உரிமை கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

பேசின் பிரிட்ஜ் பணிமனையில் இன்றிரவும் ஒரு தொழிலாளி ரயில் பெட்டியின் அடியில் குனிந்து பாட்டரிக் கூட்டின் கதவைத் திறப்பார். பல்லாயிரம் பிரயாணிகளின் விளக்கை நம்பி அவரிடம் ஒப்படைத்திருக்கும் தேசம், அவருடைய சொந்தச் செல்போனின் கதவை அவர் திறக்கக் கூடாது என்று சொல்லும் கம்பெனிகளுக்குத் தலையசைத்துக் கொண்டிருப்பது நியாயமல்ல. பணம் கொடுத்து வாங்கியவன் சாமானுக்குச் சொந்தக்காரன். சொந்தக்காரனிடம் சாவியைக் கொடுக்கும்படி சர்க்கார் சட்டம் செய்ய வேண்டும். தாமதமின்றிச் செய்ய வேண்டும்.